லேப் இல்ல, சர்வே இல்ல, அப்போ தத்துவக்காரங்க எதை வச்சு யோசிக்கறாங்க? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் தத்துவம் படிக்கறவன்னு தெரிஞ்சதும் எல்லாரும் "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்"னு கேப்பாங்கன்னு நெனைப்பீங்க, அப்படி இல்ல. "சரி, நீங்கல்லாம் உக்காந்து என்னதான் பண்ணுவீங்க?"ங்கறதுதான் முதல் கேள்வி. லேப் கிடையாது, மைக்ரோஸ்கோப் கிடையாது, அப்புறம் எப்படி ஒருத்தர் சொல்றது சரி இன்னொருத்தர் சொல்றது தப்புன்னு முடிவு பண்றாங்க? ரொம்ப நியாயமான கேள்வி, சொல்லப்போனா தத்துவம் படிக்கறவங்களே இதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல திணறுவாங்க. பல பேருக்கு பல தடவை சொன்ன பதிலையெல்லாம் ஒண்ணா சேத்திருக்கேன், சிலது நீளமா போகும், சிலது ரெண்டு வரில முடிஞ்சிடும்.

தத்துவ ரீதியா யோசிக்கறதுன்னா என்ன? சும்மா ஆழமா யோசிக்கறதா?

தூக்கம் வராம ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை பாத்துட்டு கிடக்கறதும் ஆழமா யோசிக்கறதுதான், அது தத்துவம் ஆகிடாது. நாம ஏற்கனவே நம்பிட்டிருக்கற விஷயங்கள்ல சிலது ஒண்ணா சேந்து நிக்காதுன்னு தெரிய வர்ற இடத்துலதான் இங்க வேலையே ஆரம்பிக்குது. நாலு வாக்கியம் சொல்றேன், ஒவ்வொண்ணா படிச்சு தலையாட்டிட்டே வாங்க.

ஒண்ணு, நடக்கற எல்லாத்துக்கும் அதுக்கு முன்னாடி நடந்ததுதான் காரணம், அந்த காரணமெல்லாம் கூடிட்டா அது நடந்தே தீரும். ரெண்டு, ஒரு செயல் நடந்தே தீரும்னா அதை செஞ்ச ஆளால வேற மாதிரி செஞ்சிருக்க முடியாது. மூணு, வேற மாதிரி செஞ்சிருக்க முடியாத ஆளை குத்தம் சொல்லக்கூடாது. நாலு, சில சமயம் சில பேரை குத்தம் சொல்றது நியாயம்தான்.

தனித்தனியா பாத்தா நாலுமே சரின்னுதான் தோணும். ஆனா முதல் மூணையும் ஒத்துக்கிட்டா நாலாவது அடிபட்டுடும், நாலாவதை விடமாட்டேன்னா முதல் மூணுல ஒண்ணு போயே ஆகணும். எதை விடறீங்களோ அதுதான் உங்க நிலைப்பாடு. மூணாவதை விடறதுக்கு ஹாரி ஃப்ராங்ஃபர்ட்ங்கறவர் 1969ல ஒரு வழி காட்டினாரு. ஒருத்தன் ஒரு தப்பை செய்ய முடிவு பண்றான், அவனுக்கே தெரியாம பின்னாடி இன்னொருத்தன் காத்துட்டிருக்கான், இவன் மனசு மாறினா உடனே தலையிட்டு எப்படியாவது செய்ய வச்சிடுவான். ஆனா இவன் மனசு மாறவே இல்ல, தானாவே செஞ்சு முடிச்சிட்டான், பின்னாடி நின்னவன் விரலைக்கூட அசைக்கல. வேற மாதிரி நடந்திருக்க வழியே இல்ல, ஆனாலும் குத்தம் இவன் மேலதானே? அப்போ மூணாவது வாக்கியத்துல ஏதோ ஓட்டை இருக்கு. இதுக்கும் பதில் சொல்லி, அதுக்கும் மறுபதில் சொல்லி இன்னைக்கு வரைக்கும் கட்டுரை வந்துட்டேதான் இருக்கு.

வாதம்னா சண்டை போடறதா?

இந்த கேள்விக்கு நியாய தரிசனத்துக்காரங்க, அதாவது பழைய இந்திய தர்க்கப் பள்ளிக்காரங்க, ரொம்ப காலத்துக்கு முன்னாடியே அழகா பதில் சொல்லிட்டாங்க. அவங்க பேச்சை மூணா பிரிச்சாங்க: உண்மை என்னன்னு தெரிஞ்சுக்க ரெண்டு பேர் சேந்து பேசினா வாதம், ஜெயிக்கணும்னு மட்டும் பேசினா ஜல்பம், தனக்குன்னு ஒரு நிலைப்பாடும் இல்லாம அடுத்தவன் சொல்றதை உடைக்கறது மட்டுமே வேலைன்னா விதண்டை. நாம விதண்டாவாதம்னு சொல்றோமே, அது அங்கிருந்து வந்ததுதான். நெட்ல நடக்கறதுல முக்காவாசி எந்த வகைன்னு நான் சொல்லத் தேவையில்ல.

தத்துவத்துல வாதம்னா சில வாக்கியங்கள், அதுலேர்ந்து கிளம்பற ஒரு முடிவு, அவ்ளோதான். இதுல ரெண்டு விஷயத்தை தனித்தனியா பாக்கணும், புதுசா வர்றவங்க எப்பவும் இங்கதான் குழம்புவாங்க. "எல்லா பறவையும் பறக்கும், பெங்குயின் ஒரு பறவை, அதனால பெங்குயின் பறக்கும்." இதுல முடிவு தப்பு, ஆனா வாதத்தோட கட்டமைப்புல ஒரு குறையும் இல்ல, முதல் வாக்கியம்தான் பொய். "எல்லா மீனும் தண்ணில வாழும், திமிங்கலம் தண்ணில வாழுது, அதனால திமிங்கலம் பாலூட்டி." மூணு வாக்கியமும் உண்மையாவே இருக்கட்டும், ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு வரவே இல்ல. முதல் வகைய எதுத்து பேசணும்னா எந்த வாக்கியம் பொய்னு காட்டணும், ரெண்டாவது வகைல எந்த இடத்துல தாண்டி குதிச்சாங்கன்னு காட்டணும். "எனக்கு முடிவு பிடிக்கல"ங்கறது ரெண்டுலயும் சேராது.

அப்போ லாஜிக் நல்லா தெரிஞ்சா எல்லா கேள்விக்கும் பதில் வந்துடுமா?

வராது. ஃப்ரேகே 1879ல நவீன தர்க்கத்துக்கு அடித்தளம் போட்டதுலேர்ந்து இந்த கருவி ரொம்பவே கூர்மையாயிடுச்சு, ஆனா அது சொல்றது "இதெல்லாம் சேந்து நிக்காது"ன்னு மட்டும்தான். எதை கீழ போடணும்னு அது சொல்லாது.

"உனக்கு ரெண்டு கை இருக்குன்னு உனக்கு தெரியும்னா, நீ இப்ப கனவு காணலைங்கறதும் தெரிஞ்சிருக்கணும். ஆனா கனவு காணலைன்னு உன்னால உறுதியா சொல்ல முடியாது. அதனால உனக்கு கை இருக்குன்னே உனக்கு தெரியாது." சந்தேகவாதி இப்படி சொல்றாரு. அதுக்கு இன்னொருத்தர் "எனக்கு கை இருக்குன்னு நல்லாவே தெரியும், அதனால நான் கனவு காணலைங்கறதும் எனக்கு தெரியும்"னு அதே முதல் வாக்கியத்தை வச்சே திருப்பி அடிக்கலாம். ஜி.ஈ. மூர் 1939ல ஒரு சொற்பொழிவுல நிஜமாவே கையை தூக்கி காட்டி, இதோ ஒரு கை, இதோ இன்னொண்ணு, அதனால வெளி உலகம் இருக்குன்னு நிரூபிச்சாரு. இதை முதல் தடவை படிச்சப்போ சிரிச்சேன், என்னடா இது ஸ்கூல் பையன் பதில் மாதிரி இருக்குன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, அவர் உண்மைல கேக்கறது வேற: உன்னோட தத்துவ வாக்கியத்தை நம்பறதுக்கு உள்ள காரணம், எனக்கு கை இருக்குங்கறதை நம்பறதுக்கு உள்ள காரணத்தை விட பலமானதா? இதுக்கு லாஜிக் புஸ்தகத்துல பதில் கிடையாது. ரெண்டு பேரோட தர்க்கமும் சுத்தமாதான் இருக்கு, எடை போடறதுலதான் வித்தியாசம்.

எல்லாத்துக்கும் முதல்ல டெஃபினிஷன் சொல்லிட்டு ஆரம்பிக்கணுமா?

சாக்ரடீஸ் வேலையே இதுதான்னு சொல்லுவாங்க. லாக்கெஸ்ங்கற தளபதிகிட்ட வீரம்னா என்னன்னு கேக்கறாரு, அவரு "அணிய விட்டு ஓடாம எதிரிய எதுத்து நிக்கறது"ன்னு சொல்றாரு. அப்போ பின்வாங்கிட்டே சண்டை போடற சித்தியர்கள் வீரம் இல்லாதவங்களான்னு சாக்ரடீஸ் கேட்டதும் தளபதி மாட்டிக்கறாரு. ஒரு பொது விதி, அதை உடைக்கற ஒரே ஒரு உதாரணம், விதிய திருத்து, மறுபடி உதாரணம். இந்த ஆட்டம் தத்துவத்துல ரொம்ப பெரிய பங்கு.

ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் கச்சிதமான வரையறை இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. விளையாட்டுன்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம். போட்டியா? சின்ன குழந்தை தனியா பந்தை செவுத்துல அடிச்சு விளையாடுது, அங்க யாரோட போட்டி? ஜாலியா? சதுரங்கம் ஆடறவங்க முகத்தை பாருங்க. விட்கன்ஸ்டைன் சொன்னது, எல்லா விளையாட்டுக்கும் பொதுவா ஒரே அம்சம்னு ஒண்ணும் இல்ல, ஒரு குடும்பத்துல ஒருத்தருக்கு மூக்கு ஒத்துப்போகும் இன்னொருத்தருக்கு நடை ஒத்துப்போகும், அந்த மாதிரி ஒத்துமைதான் இருக்குன்னு. அதனால யாராவது "முதல்ல அன்புக்கு டெஃபினிஷன் சொல்லு, அப்புறம் பேசலாம்"னு மடக்கினா பயப்படாதீங்க. வரையறை இல்லாமயே நாம எவ்ளோவோ சரியா பேசிட்டுதான் இருக்கோம், வரையறை தேவைப்படறது ரெண்டு பேர் ஒரே வார்த்தைய வேற வேற அர்த்தத்துல பேசிட்டு மாட்டிக்கற இடத்துல.

கற்பனையா கதை கட்டி எப்படி உண்மைய கண்டுபிடிக்க முடியும்? ஏமாத்து வேலை மாதிரி இருக்கே?

இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லணும், ஏன்னா என்னை தத்துவத்துக்குள்ள இழுத்ததே இதுதான்.

முதல்ல இது தத்துவக்காரங்க மட்டும் பண்ற வேலை இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. கலிலியோ 1638ல வெளிவந்த புஸ்தகத்துல ஒரு கேள்வி கேக்கறாரு. கனமான கல்லு வேகமா விழும், லேசான கல்லு மெதுவா விழும்னு நம்பறீங்க இல்ல, ரெண்டையும் ஒண்ணா கட்டி போட்டா என்ன ஆகும்? லேசானது பின்னாடி இழுக்கும், அதனால கனமான கல்லு தனியா விழறதை விட மெதுவாதான் விழணும். ஆனா ரெண்டும் சேந்தா மொத்த எடை கூடிடுச்சே, அதனால இன்னும் வேகமாவும் விழணும். ஒரே பொருள் மெதுவாவும் வேகமாவும் எப்படி விழும்? ஒரு கல்லையும் கீழ போடாமலே பழைய நம்பிக்கை தனக்குள்ளயே முட்டிக்குதுன்னு காட்டிட்டாரு.

இப்போ தத்துவத்துக்கு வருவோம். "தெரியும்"ங்கறதுக்கு ரொம்ப நாளா ஒரு விளக்கம் இருந்துச்சு: நீங்க ஒண்ணை நம்பறீங்க, அது உண்மையாவும் இருக்கு, நம்பறதுக்கு நல்ல காரணமும் இருக்கு, மூணும் இருந்தா அது அறிவு. எட்மண்ட் கெட்டியர் 1963ல வெறும் மூணு பக்க கட்டுரைல இதை கவுத்துட்டாரு. அவரோட உதாரணங்கள் கொஞ்சம் சுத்தி வளைச்சு போகும், அதை விட எனக்கு பிடிச்சது எட்டாம் நூற்றாண்டு பௌத்த தர்க்கவாதி தர்மோத்தரர் சொன்னது. தாகத்தோட போறவர் தூரத்துல தண்ணி தெரியுதுன்னு பாக்கறாரு, அது கானல்நீர். ஆனா அந்த இடத்துக்கு போனா பாறைக்கு அடில நிஜமாவே தண்ணி இருக்கு! அங்க தண்ணி இருக்குன்னு நம்பினாரு, உண்மை. கண்ணால பாத்ததா நெனைச்சாரு, அதுவும் நல்ல காரணம்தான். ஆனா அவருக்கு "தெரிஞ்சிருந்துச்சு"ன்னு சொல்ல நாக்கு வருதா? வரல. அது வெறும் அதிர்ஷ்டம். நின்னு போன கடிகாரத்தை தற்செயலா சரியான நேரத்துல பாக்கற ஆளோட கதையும் இதே ஜாதிதான், அது பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்னது.

கவனிங்க, இந்த கதை எதையும் நிரூபிக்கல. "மூணும் இருந்தா அறிவு"ங்கற விளக்கத்தையும் "இந்த ஆளுக்கு தெரியாது"ங்கற நம்ம தீர்ப்பையும் ஒண்ணா வச்சுக்க முடியாதுன்னு மட்டும் காட்டுது. தீர்ப்பை விட்டுட்டு விளக்கத்தை வச்சுக்கறேன்னு ஒருத்தர் அடம்பிடிச்சா பிடிக்கலாம், தடுக்க முடியாது, ஆனா அப்புறம் நின்னு போன கடிகாரத்தை பாத்தவருக்கும் நேரம் தெரியும்னு சொல்லியாகணும்.

கதைங்க ஏமாத்தவும் செய்யும், அது நிஜம். ஃப்ராங்க் ஜாக்சன் 1982ல மேரின்னு ஒரு விஞ்ஞானி கதை சொன்னாரு. கறுப்பு வெள்ளை ரூம்லயே வளந்தவங்க, நிறத்தை பத்தின இயற்பியல், மூளை விவகாரம் எல்லாமே கரைச்சு குடிச்சவங்க, முதல் தடவையா வெளிய வந்து சிவப்பை பாக்கறப்போ புதுசா ஒண்ணு தெரிஞ்சுக்கறாங்களா இல்லையா? தெரிஞ்சுக்கறாங்கன்னா எல்லா இயற்பியல் உண்மையும் தெரிஞ்சும் ஏதோ பாக்கி இருந்திருக்கு, அப்போ உலகம் வெறும் இயற்பியல் மட்டும் இல்லன்னு ஆயிடும். கதை உலகம் பூரா பரவிச்சு, ஆனா பின்னாடி ஜாக்சனே அந்த முடிவு தப்புன்னு மாத்திக்கிட்டாரு. தன்னோட ரொம்ப பிரபலமான வாதத்தையே ஒருத்தர் கைவிடறதுங்கறது எனக்கு அந்த கதைய விட பெரிய பாடம். கதை நம்மள ஒரு பக்கம் தள்ளுது, ஆனா "எல்லாமே தெரிஞ்சவங்க"ங்கறதை நம்மால உண்மையிலேயே கற்பனை பண்ண முடியுதா, இல்ல "நிறைய தெரிஞ்சவங்க"ன்னு கற்பனை பண்ணிட்டு விட்டுடறோமா? கதைல எந்த திருகை திருகினா நம்ம தீர்ப்பு மாறுதுன்னு பாத்துட்டே இருக்கணும்.

அந்த ட்ராலி கதை இருக்கே, அதுக்கு சரியான பதில் என்ன?

ப்ரேக் இல்லாத ட்ராலி ஒண்ணு தண்டவாளத்துல நிக்கற அஞ்சு பேரை நோக்கி வருது, தடம் மாத்தினா அந்த தடத்துல இருக்கற ஒருத்தர் சாவாரு, இதுதான் கதை. பதிலுக்காக வந்த கதையே இல்ல அது. ஃபிலிப்பா ஃபுட் 1967ல சொன்னப்போ அவங்களுக்கு வேண்டியது ஒரே கணக்கு உள்ள ரெண்டு கதைக்கு நாம தர்ற தீர்ப்புக்கு நடுவுல உள்ள வித்தியாசம். தடம் மாத்தி அஞ்சு பேரை காப்பாத்தி ஒருத்தர சாகவிடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. அதுக்கப்புறம் ஜூடித் தாம்சன் சேத்த கதைல, அதே அஞ்சு பேரை காப்பாத்த பாலத்து மேல நிக்கற ஒரு ஆளை கீழ தள்ளணும், அங்க அதே ஆளுங்களே கூடாதுங்கறாங்க. தத்துவக்காரங்ககிட்ட 2020ல எடுத்த ஒரு பெரிய சர்வேல (ஆமா, இதுக்கு சர்வே உண்டு, தலைப்புல கொஞ்சம் பொய் சொல்லிட்டேன்) தடம் மாத்தலாம்னவங்க ஏறக்குறைய 63 சதவீதம், தள்ளலாம்னவங்க 22 சதவீதம்தான். கணக்கு ரெண்டுலயும் அஞ்சுக்கு ஒண்ணுதான். அப்போ உயிரோட எண்ணிக்கை மட்டுமே முக்கியம்ங்கற கொள்கைய வச்சுக்கிட்டு ரெண்டாவது தீர்ப்பையும் வச்சுக்க முடியாது. இந்த கதைய கேக்கறவங்க நிறைய பேர் "நான் கத்தி அவங்கள எழுப்புவேன்"னு சொல்லி தப்பிச்சுக்குவாங்க, தப்பிச்சா தப்பிச்சுக்கட்டும்.

ஆனா எல்லாமே "எனக்கு அப்படி தோணுது"லதானே நிக்குது? உள்ளுணர்வை எப்படி நம்பறது?

இது நல்ல அடி, தத்துவக்காரங்களே தங்களுக்குள்ள அடிச்சுக்கற அடி. வைன்பர்க், நிக்கல்ஸ், ஸ்டிச்னு மூணு பேர் 2001ல ஒரு ஆய்வு போட்டாங்க, கெட்டியர் மாதிரி கதைகளுக்கு வேற வேற கலாசார பின்னணி உள்ள மாணவர்கள் வேற வேற பதில் சொல்றாங்கன்னு. பெரிய பரபரப்பு. நாற்காலில உக்காந்து "நமக்கு இப்படி தோணுது"ன்னு எழுதறாங்களே, அந்த "நமக்கு" யாருன்னு கேள்வி வந்துடுச்சு. அப்புறம் மத்தவங்க அதே மாதிரி திருப்பி பண்ணி பாத்தப்போ அந்த வித்தியாசம் கிடைக்கல, பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கான்னு நாலு நாட்டுல கேட்ட ஒரு ஆய்வுலயும் பெரும்பாலானவங்க தர்மோத்தரர் பக்கமே நின்னாங்க. அதுக்காக எல்லா உள்ளுணர்வும் பத்திரம்னு அர்த்தம் இல்ல, கேள்விய எந்த வரிசைல கேக்கறோம்ங்கறதுக்கு ஏத்த மாதிரி கூட பதில் மாறுது, அது நெஜம்தான்.

நடைமுறைல என்ன பண்றாங்கன்னா, பொது விதியையும் தனித்தனி தீர்ப்பையும் மாத்தி மாத்தி உரசி பாக்கறாங்க. விதி ரொம்ப அபத்தமான தீர்ப்பை தந்தா விதிய திருத்தறது, விதி ரொம்ப உறுதியா இருந்தா தீர்ப்பை விடறது, ரெண்டும் ஓரளவு ஒத்துப்போற வரைக்கும். நெல்சன் குட்மன் 1955ல தர்க்க விதிகளுக்கே இப்படித்தான் நியாயம் கிடைக்குதுன்னு எழுதினாரு, ஜான் ரால்ஸ் 1971ல இதை நீதி பத்தின யோசனைக்கு கொண்டு வந்தாரு. சிந்தனைச் சமநிலைன்னு தமிழ்ல சொல்லலாம். எனக்கு இதுல ஒரு உறுத்தல் உண்டு, ரொம்ப கெட்ட நம்பிக்கைங்களை வச்சிருக்கற ஒருத்தர் கூட எல்லாத்தையும் ஒழுங்கா உரசி சமநிலைக்கு வந்துட முடியும். அதுக்கு இதுவரை படிச்ச எந்த பதிலும் முழுசா திருப்தி தரல.

ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் கேட்டுட்டே போனா எங்க போய் நிக்கும்?

மூணு இடம்தான் இருக்கு: முடிவே இல்லாம போயிட்டே இருக்கும், இல்ல சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே நிக்கும், இல்ல "இதுக்கு மேல கேக்காத"ன்னு ஒரு இடத்துல நிறுத்தணும். கிரேக்க சந்தேகவாதிங்க இதை வச்சே எல்லாரையும் ஆட்டி வச்சாங்க. பௌத்த தத்துவவாதி நாகார்ஜுனரும் நியாயக்காரங்களை பாத்து இதைத்தான் கேட்டாரு, எல்லாத்தையும் அளவையால (அதாவது அறியற வழிகளால) நிறுவறீங்க சரி, அந்த அளவைய எதால நிறுவுவீங்க? விளக்கு தன்னையும் காட்டி மத்ததையும் காட்டற மாதிரின்னு சொன்னதுக்கு, விளக்கு தன்னை காட்டுதுன்னே சொல்ல முடியாது, காட்டறதுக்கு விளக்குல முதல்ல இருட்டு இருந்திருக்கணுமேன்னு மடக்கினாரு.

லூயிஸ் கரோல் 1895ல இதை விட விஷமமான ஒண்ணு எழுதினாரு. ஆமை சொல்லுது, "முதல் வாக்கியத்தை ஒத்துக்கறேன், ரெண்டாவதையும் ஒத்துக்கறேன், ஆனா அந்த ரெண்டும் உண்மைன்னா முடிவும் உண்மைங்கறதை ஒத்துக்கல." சரி அதையும் ஒரு வாக்கியமா எழுதிக்கோன்னு அகிலீஸ் சொல்றான். எழுதிக்குது. "இப்ப மூணையும் ஒத்துக்கறேன், ஆனா மூணும் உண்மைன்னா முடிவும் உண்மைங்கறதை..." நோட்டு நிரம்பிட்டே போகுது, முடிவு வரவே வராது. ஒரு வாக்கியத்துலேர்ந்து இன்னொரு வாக்கியத்துக்கு போறதுங்கறது இன்னொரு வாக்கியத்தை நம்பறது இல்ல, அது ஒரு செயல், அதை செய்ய மாட்டேன்னு உக்காந்துட்டவங்களை வாதத்தால எழுப்ப முடியாது. எனக்கு தெரிஞ்சு சில பேர் வாட்ஸ்அப்ல அந்த ஆமையாவே இருக்காங்க.

ஃபாலசி (வாதத்துல வர்ற குறை) பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டா போதுமா?

போதாது, பல சமயம் கெடுதல். பேர் சொல்லி முத்திரை குத்திட்டா பதில் சொன்ன மாதிரி ஒரு திருப்தி வந்துடும். பழைய ஆளுங்க எப்படி பண்ணாங்கன்னு பாருங்க. மணிமேகலைல 29ஆவது காதைல அறவண அடிகள் மணிமேகலைக்கு தர்க்கம் சொல்லி தர்றாரு: இந்த மலைல நெருப்பு இருக்குங்கறது பக்கம், புகை இருக்கறதாலங்கறது ஏது, அடுக்களை மாதிரிங்கறது திட்டாந்தம். அதுக்கப்புறம் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு குறைகளை பிரிக்கறாரு. அழகு என்னன்னா போலிய வாதத்தோட எந்த உறுப்புல கோளாறுன்னு பாத்து பேர் வைக்கறாங்க. "இது ஏதுப்போலி"ன்னு சொன்னா உடனே எதுத்தவருக்கு தெரியும், காரணத்தை போய் சரி பண்ணணும்னு. வெறுமனே லேபிள் ஒட்டறதுக்கும் இதுக்கும் நிறைய தூரம்.

எதிர்த்தரப்பை ஏன் அவ்ளோ மெனக்கெட்டு பலமா எழுதறாங்க? நமக்கே ஆப்பு இல்லையா?

பூர்வபட்சம்னு இதுக்கு பேர், எதிர்க்கட்சி சொல்றதை அவங்களே சொல்லியிருக்க முடியாத அளவுக்கு நல்லா முதல்ல சொல்லிட்டு அப்புறம் மறுக்கறது. நல்லெண்ணத்துக்காக மட்டும் பண்றது இல்ல. பலவீனமான வடிவத்தை மறுத்தா, பலமான வடிவத்தோட நம்ம நம்பிக்கை சேந்து நிக்குமா நிக்காதாங்கறது தெரியாமயே போயிடும். ஆரம்பத்துல நான் ஒரு இருபது பக்கம் எழுதி ஒரு நண்பர்கிட்ட காட்டினேன், படிச்சிட்டு "நல்லாருக்கு, ஆனா நீ மறுக்கறதை சொன்ன ஆள் ஒருத்தர காட்டு"ன்னாரு. காட்ட முடியல. இருபது பக்கமும் நானே செஞ்ச பொம்மைய நானே உதைச்சது.

சயின்ஸ் இருக்கும்போது இது எதுக்கு?

இந்த கேள்வியே சயின்ஸ் கேள்வி இல்லங்கறதை முதல்ல கவனிங்க, எந்த கருவிய வச்சும் இதுக்கு பதில் அளக்க முடியாது. அது குறும்பு பதில். கொஞ்சம் சீரியஸா சொன்னா, ரெண்டுக்கும் நடுவுல வேலி அவ்ளோ தெளிவா இல்ல, நியூட்டனோட 1687 புஸ்தகத்து தலைப்புலயே இயற்கைத் தத்துவம்னுதான் இருக்கு. ஆனா சில கேள்விங்க இங்கயே தங்கிடும். இதுவரை நடந்ததை வச்சு இனிமே நடக்கறதை சொல்றது எந்த நியாயத்துலன்னு டேவிட் ஹ்யூம் 1739ல கேட்டாரு. இதுவரை அப்படி சொன்னது பலிச்சுதேன்னு பதில் சொன்னா, அதுவும் பழசை வச்சு புதுசை சொல்றதுதான், சுத்தி வந்தாச்சு. ரஸ்ஸல் 1912ல இதுக்கு ஒரு கோழிய கொண்டு வந்தாரு, தினமும் தீனி போட்ட அதே கை ஒரு நாள் கழுத்தை திருகுது. கார்ல் பாப்பர் 1934ல, அறிவியல் ஒண்ணையும் நிறுவறதே இல்ல, பொய்யாக்க பாத்து தாக்கு பிடிச்சதை வச்சுக்குது அவ்ளோதான், அதனால அந்த கோழி பிரச்சனை நமக்கு இல்லன்னாரு. கெட்டிக்காரத்தனமான பதில், ஆனா நாளைக்கு பாலத்து மேல வண்டி ஓட்ட போறவருக்கு "இந்த பாலம் இதுவரை பொய்யாகல"ன்னு சொன்னா போதுமா?

ரெண்டாயிரத்து ஐநூறு வருஷமா ஒரு முடிவும் வரலையே?

அதே 2020 சர்வேல சுதந்திர விருப்பமும் காரண விதியும் சேந்து இருக்கலாம்னு சொன்னவங்க ஏறக்குறைய 59 சதவீதம். பாதிக்கு மேலதான், ஆனா ஒருமித்த முடிவுன்னு சொல்ல முடியாது. முன்னேற்றம்னா எல்லாரும் ஒரே பதிலுக்கு வர்றதுன்னா, ரொம்ப கம்மிதான், மழுப்ப விரும்பல. ஆனா எந்த எந்த வழி மூடிக்கிச்சு, எந்த வழில போனா எதையெல்லாம் விட்டுட்டு போகணும்ங்கற வரைபடம் முன்ன விட எவ்ளோவோ விவரமா இருக்கு. 1963க்கு அப்புறம் அந்த மூணு நிபந்தனை விளக்கத்தை கெட்டியருக்கு பதில் சொல்லாம சும்மா எழுதிட்டு போயிட முடியாது, அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

அப்போ எல்லாம் அவங்கவங்க கருத்துதானே?

"எல்லாம் கருத்துதான்"ங்கறதும் உங்க கருத்து மட்டும்தானான்னு திருப்பி கேக்கறது பழைய ஜோக், அதுல நான் நிக்க மாட்டேன், அதை சுதாரிச்சு சொல்ல வழிங்க இருக்கு. என் பதில் வேற. ஒருத்தர் எந்த முடிவுக்கு வேணா வரலாம், ஆனா அந்த முடிவோட சேத்து எதை ஒத்துக்கணும்ங்கறது அவர் கைல இல்ல. அந்த நாலு வாக்கியத்தையும் வச்சுப்பேன், முரண்பாடும் இல்லன்னு சொல்ற சுதந்திரம் யாருக்கும் கிடையாது.

நானே பண்ணி பாக்கணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

உங்களுக்கு ரொம்ப உறுதியா தோணற ஒண்ணை எடுத்துக்கோங்க. அதை ஒரே வரில எழுதுங்க, அதுக்கு காரணத்தை தனித்தனி வரில எழுதுங்க, நம்பர் போடுங்க. எழுதும்போதே பாதி ஆட்டம் கண்டுடும், பேசறப்போ ஒட்டிக்கிட்டு இருந்தது பேப்பர்ல பிரிஞ்சு நிக்கும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் அதை பொய்யாக்கற ஒரு சூழ்நிலைய கற்பனை பண்ணுங்க. உடனே புஸ்தகம் வாங்க ஓடாதீங்க.

இவ்ளோ படிச்சு உங்களோட கருத்து ஏதாவது மாறியிருக்கா?

ஒண்ணு மாறல, தொங்கிட்டு இருக்கு. ரெண்டு பேர் ஃபோனை பாத்துட்டே கார் ஓட்டறாங்க, ஒரே அளவு கவனக்குறைவு. ஒருத்தர் பத்திரமா வீடு போய் சேந்துட்டாரு, இன்னொருத்தர் வண்டி முன்னாடி ஒரு குழந்தை ஓடி வந்துடுச்சு. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976ல கிளப்பின பிரச்சனை இந்த மாதிரிதான். நான் எழுதி வச்சிருக்கறது மூணு வரி. ஒருத்தர் கைல இல்லாத விஷயத்துக்காக அவர் மேல பழிய கூட்டவோ குறைக்கவோ கூடாது. குழந்தை ஓடி வந்தது அந்த ஆள் கைல இல்ல. ஆனாலும் ரெண்டாவது ஆள் மேல பழி அதிகம். முன்னாடி எல்லாம் மூணாவது வரிய சட்டுனு அடிச்சுடுவேன், ரெண்டு பேரும் சமம்னு. அப்புறம் அந்த ரெண்டாவது ஆள் இடத்துல நானே இருந்தா "நானும் அவரும் சமம்தான்"னு அந்த குழந்தையோட அம்மா முன்னாடி சொல்லுவேனான்னு யோசிச்சேன். வாய் வரல. அப்போ முதல் வரிய அடிக்கணும், ஆனா அதை அடிச்சா இன்னும் எவ்ளோவோ கூடவே போயிடும். அந்த நோட்டுல அந்த பக்கத்துல மூணு வரியும் இன்னும் அடிக்காமதான் இருக்கு.